ஆக்ட் சிகிச்சை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனப்பதற்றம், மனச்சோர்வு, தீராத வலி என்று ஆலோசனைக்கு வருபவர்களிடம் 'ஆக்ட்' முறையைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இடங்களில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொண்டு பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

ஆக்ட் என்றால் என்ன?

பேச்சு வழியாகத் தரப்படும் ஒரு மனநல சிகிச்சை. 'அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி' என்பதன் சுருக்கம். எழுத்து எழுத்தாகப் பிரிக்காமல் 'ஆக்ட்' என்றே சொல்வார்கள். பயம், துக்கம், வெட்கம், கெட்ட நினைவு எல்லாவற்றையும் விரட்டுவதிலேயே நாள் முழுவதும் கழிந்துபோகாமல், அவை இருக்கும்போதே நமக்கு முக்கியமான காரியங்களைச் செய்யப் பழக்குவது இதன் வேலை. பழகப் பழகப் பலருக்குப் பதற்றம் குறையவும் செய்கிறது. ஆனால் குறைந்ததா இல்லையா என்று தினமும் அளந்துபார்ப்பது இதில் நோக்கம் இல்லை.

இதில் ஆறு பழக்கங்கள் சொல்லித் தருகிறார்கள்: வரும் உணர்வை ஏற்பது, எண்ணத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பது, இந்த நேரத்தில் நடப்பதைக் கவனிப்பது, தன்னை ஒரே ஒரு முத்திரைக்குள் அடைக்காமல் பார்ப்பது, தனக்கு எது முக்கியம் என்று தெரிந்துகொள்வது, அதன்படி நடப்பது. ஆறும் சேர்ந்து தருவதை 'மன நெகிழ்வு', அதாவது சூழ்நிலைக்கேற்ப வளைந்துகொடுக்கும் மனம், என்கிறார்கள்.

யார், எப்போது உருவாக்கியது?

அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்த ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற உளவியலாளர். 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை. கிர்க் ஸ்ட்ரோசால், கெல்லி வில்சன் இருவரோடும் சேர்ந்து முழு வழிமுறையையும் 1999-ல் நூலாக்கினார். ஹேய்ஸுக்கே கடுமையான பீதித் தாக்குதல்கள் இருந்தன. அதை அவர் பொது மேடையிலேயே பேசியிருக்கிறார். பயத்தோடு சண்டை போடப் போட அது பெரிதாகிக்கொண்டே போனதுதான் அவரை வேறு வழி தேட வைத்தது. சிகிச்சை தருபவரின் மனமும் வருபவரின் மனமும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது என்ற பணிவு இந்த முறையில் இருக்கிறது. எனக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பயத்தை விரட்டினால்தானே நிம்மதி? ஏன் விரட்ட வேண்டாம் என்கிறீர்கள்?

ஒருவரை எடுத்துக்கொள்வோம். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பேருந்தில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் திடீரென்று அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துப்போய்விடுவோம் என்று தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தால் இதயத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் சேலம் பயணத்தைத் தள்ளிப்போடுகிறார். உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல். மனம் 'போகாமல் இருந்ததால் தப்பித்தோம்' என்று கற்றுக்கொள்கிறது. அப்புறம் சேலம் மட்டும் அல்ல, எந்தப் பேருந்தும் வேண்டாம் என்றாகிறது. பிறகு சந்தைக்கூட்டம் வேண்டாம், கல்யாண மண்டபம் வேண்டாம், தனியாக வெளியே போவதே வேண்டாம். பயம் ஒருநாள் வந்தது. வாழ்க்கை வருடக்கணக்கில் சுருங்கிவிட்டது.

எண்ணங்களுக்கும் இதே கதைதான். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். 'வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது' என்று சொல்லப்பட்டவர்களால் அப்படி இருக்க முடியவில்லை. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் அந்த எண்ணம் அதிகமாக வந்தது.

அதனால் ஆக்ட் சிகிச்சையாளர் முதல் சந்திப்புகளில் உங்களைக் குறை சொல்லாமல் சில கேள்விகள் கேட்பார். இதிலிருந்து விடுபட இதுவரை என்னென்ன செய்தீர்கள்? அந்த நேரத்துக்கு உதவியதா? ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் உதவியதா? அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள்? குடி, விடிய விடிய செல்போன், எந்நேரமும் வேலை, யாரோடும் பேசாமல் இருப்பது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

எல்லாப் பயமும் அப்படியல்ல. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் இரவுக் காவல் இருப்பவருக்கு யானை மேல் இருக்கும் பயம் உயிரைக் காக்கும் பயம். அதை மதித்து விலகத்தான் வேண்டும்.

ஏற்றுக்கொள்ளச் சொல்வது, தலைவிதி என்று விட்டுவிடச் சொல்வதுதானே?

இல்லை. ஆக்ட் ஏற்கச் சொல்வது உங்களுக்குள் எழும் உணர்வுகளையும் நினைவுகளையும் உடல் உணர்ச்சிகளையும்தான். வெளியே நடக்கும் அநியாயத்தை ஏற்கச் சொல்வதே இல்லை. அடிக்கிற கணவனை ஏற்றுக்கொள், கூலி தராத மேஸ்திரியை ஏற்றுக்கொள் என்று யாராவது ஆக்ட் பெயரைச் சொல்லிப் பேசினால் அவர் பேசுவது ஆக்ட் இல்லை. நம் பக்கம் இன்னும் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் 'மனதைத் தேற்றிக்கொள்' என்று சொல்வது பெரிய பாவம். அங்கே செய்ய வேண்டியது 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைப்பது. பெண்கள் மீதான வன்முறை என்றால் 181.

சரி, உள்ளே வரும் பயத்தை ஏற்பது எப்படி இருக்கும்? பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் உங்கள் பயம் நிற்கிறது. நீங்கள் இழுக்க இழுக்க அதுவும் இழுக்கிறது. இரண்டு கையும் கயிற்றில் மாட்டியிருக்கின்றன. கயிற்றைக் கீழே போட்டால் பயம் ஓடிவிடாது, அங்கேயேதான் நிற்கும். ஆனால் உங்கள் கைகள் சும்மாவாகின்றன. அந்தக் கைகளால் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் சிகிச்சையின் மறுபாதி.

நடைமுறையில் இது சின்னச் சின்னப் பயிற்சிகளாக வரும். பதற்றம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, தொண்டையிலா, வயிற்றிலா? எவ்வளவு பெரிது? சூடா, இறுக்கமா? அந்த இடத்தைச் சுற்றி மூச்சு விட்டு, அதை மாற்றாமல் சில நிமிடம் இருக்க விடுவது. 'இது எனக்குப் பிடித்திருக்கிறது' என்று சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காமலேயே இடம் கொடுக்கலாம்.

கெட்ட எண்ணம் வந்தால் அதை உண்மை என்றே மனசு நம்பிவிடுகிறதே, என்ன செய்வது?

இதற்குத்தான் எண்ணத்திலிருந்து தள்ளி நிற்கும் பயிற்சி. முதலில் விளையாட்டாக ஒன்று செய்து பாருங்கள். 'புளி' என்று ஒருமுறை சொல்லுங்கள். வாயில் எச்சில் ஊறும்; கொட்டை எடுத்த புளியின் நிறம்கூட நினைவுக்கு வரும். இப்போது அதையே சத்தமாக, வேகமாக, அரை நிமிடம் 'புளிபுளிபுளி' என்று சொல்லிக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் புளிப்பு போய்விடும், வெறும் சத்தம்தான் மிஞ்சும். எட்வர்ட் டிட்சனர் என்ற உளவியலாளர் நூறு ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்த விஷயம் இது. ஆக்ட் இதை எடுத்துக்கொண்டு, நம்மைக் குத்தும் சொற்களுக்குப் பயன்படுத்துகிறது. 'தண்டம்', 'உதவாக்கரை', 'மலடி' போன்ற சொற்களுக்கு இருக்கும் விஷம் கொஞ்ச நேரமாவது இறங்குகிறது.

இன்னொன்று, தினமும் செய்யக்கூடியது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று தோன்றும்போது, அதை 'நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் எனக்கு வருகிறது' என்று மாற்றிச் சொல்லுங்கள். அப்புறம், 'அந்த எண்ணம் வருவதை நான் கவனிக்கிறேன்' என்று. எண்ணம் மாறவில்லை, அதற்கும் உங்களுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அது உண்மையா பொய்யா என்று வாதாட வேண்டாம். இப்போது இந்த எண்ணத்தின் பேச்சைக் கேட்டு நடந்தால் நான் விரும்பும் வாழ்க்கைக்குப் பக்கத்தில் போவேனா, தூரம் போவேனா? அந்த ஒரு கேள்வி போதும்.

கொடுமையான அனுபவங்களைக் கடந்து வந்தவர்கள் இந்தச் சொல் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டாம். பயிற்சி பெற்றவர் கூட இருக்கட்டும்.

இது தியானமா? எங்கள் மதத்துக்கு ஒத்துவருமா?

கவனிக்கும் பயிற்சி இருக்கிறது. கண் மூடி உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று இல்லை. களி கிண்டும்போது கையின் அசைவையும் சூட்டையும் வாசனையையும் கவனிப்பதும் பயிற்சிதான். மந்திரம், தெய்வம், சடங்கு எதுவும் இதில் கிடையாது. எந்த மதத்தினரும் செய்யலாம், மதம் இல்லாதவரும் செய்யலாம்.

கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம். அவிழ்த்துவிட வேண்டுமா?

வேண்டாம். உங்கள் நம்பிக்கை உங்களுக்குத் தெம்பு தருகிறது என்றால் இருக்கட்டும். இரண்டு விஷயம் மட்டும்: பரிகாரத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள், நோயாளியைக் கட்டி வைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எந்தப் பெயரிலும் கூடாது.

எனக்கு எது முக்கியம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆக்ட் சிகிச்சையின் இதயம் என்று நான் நினைப்பது இந்தப் பகுதியைத்தான். இங்கே இலக்கு வேறு, விழுமியம் வேறு. இலக்கு ஒருநாள் முடிந்துவிடும்: வீடு கட்டுவது, மகளைக் கட்டிக்கொடுப்பது, நீட் தேர்வில் இடம் பிடிப்பது. விழுமியம் முடியாது, எப்படிப்பட்ட மனிதராக வாழ விரும்புகிறீர்கள் என்பது அது. அக்கறையான அப்பா, நேர்மையான வியாபாரி, கற்றுக்கொண்டே இருப்பவர், அக்கம்பக்கத்துக்கு உதவுகிறவர்.

பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டு மாதம் ஒருமுறை பென்னாகரம் பக்கத்து ஊருக்கு வரும் ஒரு தகப்பனை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளோடு இருக்க முடியவில்லை என்ற குற்ற உணர்ச்சி அவரைத் தின்கிறது. அதை மறக்கக் குடிக்கிறார். குடித்திருப்பதால் வீட்டுக்குப் போன் பேசுவதில்லை. குற்ற உணர்ச்சி இன்னும் கூடுகிறது. கூடவே இருப்பது என்ற இலக்கு இப்போது அவர் கையில் இல்லை. ஆனால் அக்கறையான அப்பாவாக இருப்பது இன்று இரவே முடியும்: குடிக்கும் முன் பத்து நிமிடம் மகளிடம் 'இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?' என்று கேட்பது. அந்தப் பத்து நிமிடமும் குற்ற உணர்ச்சி நெஞ்சில் இருக்கத்தான் செய்யும். அதோடுதான் பேச வேண்டும். அதுதான் ஆக்ட்.

ஊத்தங்கரை விடுதிப் பள்ளியில் படித்து, மருத்துவ இடம் தவறிப்போன பிள்ளைக்கும் இது பொருந்தும். இழப்பு உண்மையான இழப்பு. அழுவதற்கு இடம் வேண்டும். அழுது முடித்தபின் ஒரு கேள்வி இருக்கிறது. டாக்டராகி என்ன செய்ய ஆசைப்பட்டாய்? நோயாளிக்கு உதவ என்றால் அதற்கு வேறு படிப்பும் வழிகளும் உண்டு. 'அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்தார், அதனால்தான்' என்றால், அதையும் நேர்மையாகப் பேச வேண்டும்.

இங்கேதான் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' வந்து நிற்கும். நம் ஊரில் விழுமியம் என்று பலர் சொல்வது உண்மையில் ஊர்ப் பயம். பிரித்துப் பார்க்கச் சிகிச்சையாளர்கள் கேட்கும் கேள்வி இது: நீங்கள் இதைச் செய்தது யாருக்குமே தெரியப்போவதில்லை என்றால், அப்போதும் செய்வீர்களா? ஆம் என்று உள்ளிருந்து வந்தால் அது உங்களுடையது. குடும்பத்தை மதிப்பதும் முழுக்க உங்கள் விழுமியமாக இருக்கலாம். அது தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தெரிந்துகொண்டால் போதுமா?

போதாது. இந்த வாரம், இந்தக் கிழமை, இந்த நேரம் என்று சின்னதாக ஒரு காரியம் தேர்ந்தெடுக்க வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் பயந்துபோனவர் முதல் நாளே சேலம் போக வேண்டாம். பேருந்து நிலையம் வரை நடந்து, படபடப்போடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பலாம். அடுத்து நல்லம்பள்ளி வரை ஒரு டிக்கெட். அங்கே அக்கா வீட்டுக் குழந்தையைப் பார்ப்பது அவருக்கு முக்கியம் என்றால், பயணம் அதற்காக. பயத்தை ஜெயிப்பதற்காக அல்ல. ஒரு வாரம் தவறிப்போனால் அடுத்த வாரம் மறுபடி.

கடன், தக்காளி விலை, மாங்காய் விலை — இதற்கெல்லாம் மனப்பயிற்சி என்ன செய்யும்?

விலையை ஏற்றாது. பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விடப்படுவதும், மாங்கூழ் ஆலை சொல்லும் விலைக்குக் காய் கொடுக்க வேண்டியிருப்பதும் மனநோய் அல்ல, பொருளாதாரப் பிரச்னை. அதற்குத் தீர்வு கொள்கையிலும் சந்தையிலும் இருக்கிறது. விவசாயியிடம் 'மூச்சைக் கவனியுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவரை அவமதிப்பது.

ஆனால் ஒன்று உண்டு. கடனால் வரும் கவலை ஒரு வலி. அதன்மேல் வெட்கம் ஏறும்போது வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது, மனைவியிடம் மறைப்பது, போனை அணைத்து வைப்பது, வெளியே தலைகாட்டாமல் இருப்பது என்று இரண்டாவது வலி சேர்கிறது. இந்த இரண்டாவதில் ஆக்ட் நிறைய உதவும். வெட்கத்தோடேயே வங்கி வாசலில் போய் நின்று தவணை பற்றிப் பேச முடிந்தால், அது விலையேற்றம் இல்லாவிட்டாலும் பெரிய காரியம்.

நாள்பட்ட வலிக்கு உதவும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆக்ட் முறைக்கு ஆதாரம் வலுவாக இருக்கும் இடங்களில் ஒன்று இது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தெளிவான காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு ஆக்ட் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. ஓசூர்ப் பக்கம் பூப்பறிக்கும் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள் எனப் பலருக்கு வருடக்கணக்கில் இடுப்பு வலி. முதலில் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் நிற்கும் வலிக்குத்தான் இந்தக் கேள்வி: வலி போனால் என்னென்ன செய்வீர்கள்? அதில் எதைக் கொஞ்சமாக, வலியோடேயே இன்று தொடங்கலாம்?

வலி கற்பனை என்று இதற்கு அர்த்தம் இல்லை.

சிபிடி என்ற சிகிச்சையைவிட இது உயர்ந்ததா?

உயர்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. சிபிடி, அதாவது 'காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி', பெரும்பாலும் எண்ணத்தின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து திருத்தப் பார்க்கும். ஆக்ட் அந்த எண்ணத்தோடு நமக்கிருக்கும் உறவை மாற்றப் பார்க்கும். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சிகிச்சைக்காகக் காத்திருந்தவர்களைவிட ஆக்ட் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். சிபிடி போன்ற நிலைபெற்ற முறைகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு நம்பிக்கையான சிகிச்சையாளர் சிபிடி தருகிறார் என்றால் அவரை விட்டுவிட்டு ஆக்ட் தேடி அலையாதீர்கள்.

எனக்கு அதிகம் நம்பிக்கை தந்த ஆய்வு வேறு. உகாண்டாவில் அகதிகளாக இருந்த ஏறக்குறைய 700 தென் சூடான் பெண்களிடம், ஆக்ட் அடிப்படையிலான உலக சுகாதார நிறுவனப் பயிற்சியைச் சோதித்தார்கள். குழுவாக உட்கார்ந்து ஒலிப்பதிவைக் கேட்கும் ஐந்து வகுப்புகள். நடத்தியவர்கள் நிபுணர்கள் அல்ல, குறுகிய பயிற்சி பெற்றவர்கள். மூன்று மாதம் கழித்தும் பயிற்சி பெற்ற பெண்களின் மன உளைச்சல், அதைப் பெறாதவர்களைவிடக் குறைந்திருந்தது. முடிவுகள் 2020-ல் வெளியாயின. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் படங்களோடு ஒரு கையேடும் வெளியிட்டது. மனநல மருத்துவர் எட்டாத மலைக் கிராமங்களில் மகளிர் குழுக்கள் வழியாக இதுபோல ஏன் செய்யக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஆக்ட் ஆரம்பித்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தே போகலாம். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக்கொடுத்த மருத்துவரின் முடிவு.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறது. அதையும் கவனித்துக்கொண்டு இருக்கவா?

தனியாக இருக்காதீர்கள். இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை இந்த எண்ணில்தான் இயங்குகிறது. 104-க்கும் அழைக்கலாம். பக்கத்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகப் போகலாம். வீட்டில் இருப்பவர்கள் பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தி, கூடவே இருங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது.

இங்கே எங்கே போவது? எத்தனை தடவை போக வேண்டியிருக்கும்?

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு வட்ட மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வரும். எந்தக் கிழமை என்று உங்கள் வட்ட மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளலாம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம்; அது ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

தனியாரிடம் போனால் இரண்டு கேள்வி தயங்காமல் கேளுங்கள்: மருத்துவ உளவியலாளராக இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? ஆக்ட் முறையில் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை என்பது வழக்கம். மூன்று வாரத்தில் முழுக் குணம் என்று உறுதி கொடுப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வீட்டில் ஒருவர் ஆக்ட் சிகிச்சையில் இருக்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?

'இன்னைக்குப் பயம் எப்படி இருக்கு, குறைஞ்சுதா?' என்று தினமும் கேட்காதீர்கள். அது அவரை மறுபடி அளந்துபார்க்க வைக்கும். 'இன்னைக்கு என்ன பண்ண?' என்று கேளுங்கள். கடை வரைக்கும் போய் வந்தேன், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்று சொன்னால், எப்படிப் போனது என்று உட்கார்ந்து கேளுங்கள். அவருக்குப் பதிலாக எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள், பாசத்தில் செய்வதாக இருந்தாலும். 'எல்லாம் உன் நினைப்புதான்', 'மனசைத் திடமா வச்சுக்கோ' என்ற இரண்டு பேச்சும் வேண்டாம். அடுத்த சந்திப்புக்கு அவரோடு போக முடியுமா என்று சிகிச்சையாளரிடம் கேட்டுப் பாருங்கள். நோயாளி சம்மதித்தால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.